கொயினாவுக்கு வட்டி

மருதப்பனுக்குச் சாக்கடைகளில் எண்ணெய் தெளிக்கும் வேலை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய வேலை அது. விஷயம் எளிமையானது. கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு தண்ணீருக்குள்ளேயே வளர்ந்தாலும் மூச்சு வாங்க மேல்மட்டத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே எண்ணெய் பாலாடை மாதிரிப் படர்ந்து கிடந்தால் புழுவுக்கு மூச்சு கிடையாது. புழு செத்தால் கொசு இல்லை. கொசு இல்லையென்றால் குளிர்காய்ச்சலும் இல்லை. முதுகில் ஒரு டப்பா, கையில் ஒரு குழாய், இரண்டும் சேர்ந்தால் ஊருக்கு ஆரோக்கியம்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் சிங்கப்பூர் சியோனான் ஆயிற்று, கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்கு மாறின, எண்ணெயெல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. ஆனால் எண்ணெய் தெளிக்கிறவன் இனி வேண்டாம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. வேலைக்கு வந்தவனுக்குத்தான் ரேஷன். ஆகவே மருதப்பன் தினமும் காலி டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு, தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாய் வரைக்கும் ஒவ்வொரு சாக்கடையிலும் குழாயை நீட்டி, பிடியை அழுத்தி, காற்றைத் தெளித்துவிட்டு வந்தான்.

"அந்த மூலைய விட்டுட்டியே!" என்பார் மேஸ்திரி.

மருதப்பன் திரும்பிப் போய் அந்த மூலையிலும் தெளிப்பான்.

கொசுக்களுக்கு நல்ல காலம் பிறந்தது. சிராங்கூன் ரோட்டின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அது மரியாதை தெரிந்த காய்ச்சல். ஒருநாள் வந்து பல்லைக் கிடுகிடுக்க வைக்கும், மறுநாள் விடுமுறை எடுத்துக்கொள்ளும், அடுத்த நாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். ஊரில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் அதுதான். அது மருதப்பன் குடியிருந்த அறைக்கும் வந்து, அவன் மனைவி தங்கத்தைப் படுக்க வைத்தது.

அதற்கு மருந்து கொயினா மாத்திரை. நாவில் பட்டால் மூன்று தெருவுக்கு முகம் சுளிக்கும் கசப்பு. ஆனால் வேளை தவறாமல் ஒரு வாரம் விழுங்கினால் ரத்தத்தில் இருக்கும் கிருமி அடங்கிவிடும். கடைகளில் அது இல்லை. கள்ளச் சந்தையில் இருந்தது, மருதப்பன் தன்னையே விற்றாலும் பாதி பாட்டில்கூட வராத விலையில். மூன்றாவதாக ஓர் இடத்திலும் இருந்தது. அவனும் தங்கமும் ஞாயிறுதோறும் போகும் ஆலயத்தில், பீடத்துக்குப் பக்கத்து அறையில், பூட்டிய அலமாரியில், ஒரு முழுப் பாட்டில்.

அந்தப் பாட்டிலை விட்டுப் போனவர் மிஷனரி துரை. ஜப்பான்காரர்கள் அவரைச் சாங்கிச் சிறைக்குக் கூட்டிப்போன அன்று, "இதை நல்லபடியாகப் பயன்படுத்துங்கள்" என்று சொல்லிச் சபைப் பெரியவர்கள் கையில் கொடுத்தார். போதகர் பெரிபெரி நோயில் கால் வீங்கிப் படுத்துவிட்டதால் சபையை நடத்தியது ஒரு குழு. அந்தக் குழு துரையின் வாக்கியத்தைப் பல அமர்வுகளில் ஆராய்ந்து, "நல்லபடியாக" என்பதை ஏற்றுக்கொண்டது. "பயன்படுத்துங்கள்" என்பதை அடுத்த அமர்வுக்கு ஒத்திவைத்தது.

குழுவின் பெயர் உக்கிராணத்துவக் குழு. உக்கிராணம் என்றால் சரக்கறை. எஜமான் ஊரில் இல்லாதபோது சரக்கறைச் சாவியை வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். எஜமானின் பொருளைத் தன் பொருள் என்று எண்ணாமல், வேளை அறிந்து வீட்டாருக்கு அளந்து கொடுப்பது அவன் வேலை என்று வேதத்தில் இருக்கிறது. அருமையான உபதேசம். குழு அதில் சாவி வரைக்கும் படித்திருந்தது.

தலைவர் திரு. ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணியாக, எழுத்தர்களுக்கெல்லாம் மேலாக, இருந்து ஓய்வு பெற்றவர். தேசமே கந்தலில் நடமாடிய அந்த நாளிலும் அவருடைய வெள்ளைக் கோட்டு கஞ்சி போட்டு விறைப்பாக நிற்கும். கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. செயலாளர் தியாகராசா, அவர் வரைபடம் போடுவதில் கெட்டிக்காரர். பெண்கள் சங்கத்தின் சார்பில் குணமணி டீச்சர்.

மருதப்பன் அலமாரி அறைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, வீட்டுல தங்கத்துக்குக் குளிர்காய்ச்சலுங்க. அந்தப் பாட்டில்லேருந்து கொஞ்சம்..."

ஜெயரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருதப்பன், நீர் கேட்கிறது நியாயம். ஆனா இண்டைக்கு உமக்குச் சும்மா தந்தால் நாளைக்கு உமக்குப் பொருளின்ரை அருமை விளங்குமோ? ஏழைகளுக்கு இல்லாதது காசு இல்லை. பயிற்சி."

"ஆமாங்க ஐயா."

"அதுக்காகத்தான் காய்ச்சல் கால உக்கிராணத்துவ வகுப்பு துவங்கியிருக்கிறம். ஞாயிறு ஆராதனை முடிய. அதிலை தேறினவையின்ரை விண்ணப்பத்தைத்தான் குழு எடுத்துப் பார்க்கும்."

"வகுப்பு எத்தினி நாளுங்க ஐயா?"

"அவசரப்படாதையும். காய்ச்சல் எங்கையும் போகாது."

அது உண்மைதான் என்று மருதப்பனுக்கும் தோன்றியது.

*

முதல் வகுப்பில் தியாகராசா சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினார். மூன்று பால் டின்கள் வரையப்பட்டிருந்தன. முதல் டின்னுக்கு மேலே மேகம், இரண்டாவதற்கு மேலே எறும்பு, மூன்றாவதற்கு மேலே கடைத்தெரு. கையில் எது வந்தாலும் அதில் பத்திலொன்று முதல் டின்னில், அது கடவுளுக்கு. அடுத்தது இரண்டாம் டின்னில். அது சேமிப்பு, ஒருபோதும் திறக்கக் கூடாது. மிச்சம் மூன்றாம் டின்னில், அதில்தான் குடும்பம். இந்த முறையில் குழப்பமே வராது, டின்னுக்குள் போட ஏதாவது இருக்கிற வரைக்கும்.

ஜெயரத்தினம் எழுந்து பேசினார். பேச்சு என்று வந்துவிட்டால் அவர் ஏட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார்.

"சகோதர சகோதரிகளே! இந்தக் காய்ச்சல் காலத்தைத் துன்பம் என்று சொல்லாதீர்கள். இது ஒரு வாய்ப்பு. என் உத்தியோக காலத்தில் எத்தனையோ விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. அவற்றில் ஒன்றையாவது நான் அவசரப்பட்டு அனுமதித்தேன் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. பலர் காத்திருந்தார்கள். சிலர் காத்திருக்கும்போதே தேவையைக் கடந்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கு அதனால் எவ்வளவு மிச்சம்! அந்தப் பொறுமையைத்தான் நான் உங்களுக்குக் கற்பிக்க வந்திருக்கிறேன்."

கைதட்டினார்கள். மருதப்பனும் தட்டினான். பிறகு சந்தேகம் கேட்கலாம் என்றார்கள்.

"ஐயா, எனக்குக் காசா வர்றது கொஞ்சங்க. கெடைக்கிறதெல்லாம் மரவள்ளிக்கெழங்குதான். அதைப் பத்தா நறுக்குனா அடித்துண்டு பெருசா இருக்குது, நுனித்துண்டு நாரா இருக்குது. எந்தத் துண்டு கடவுளுக்குங்க?"

குழு திடுக்கிட்டது. அடித்துண்டு என்றார் தியாகராசா. அப்படிச் செய்தால் அது பத்திலொன்றுக்கு மேல் போய்விடும், அதிகமாகக் கொடுப்பதும் ஒழுங்கீனமே என்றார் ஜெயரத்தினம். அன்று வகுப்பு அதிலேயே முடிந்தது. நடுத்துண்டு என்று அடுத்த ஞாயிறு தீர்மானம் வந்தது. அதற்குள் கிழங்கு கறுத்துப்போயிருந்தது.

மருதப்பன் அந்தத் தீர்மானத்தைத் தங்கத்திடம் சொன்னான். அன்று காய்ச்சலின் விடுமுறை நாள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறை ஜைனப் அவளுக்கு வெந்நீர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மருதப்பன் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் தங்கத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

"நடுத்துண்டா?" என்றாள் தங்கம். "மாத்திரையப் பத்தி என்ன சொன்னாங்க?"

"அதுக்கு இன்னும் பாடம் வரல."

"படிச்சு என்னாண்ணே ஆகப் போறீங்க, கிராணியா?" என்று கேட்டாள் ஜைனப்.

அடுத்த வகுப்பு சேமிப்பைப் பற்றியது. ஜெயரத்தினம் வரிசையாக எல்லோரையும் எழுப்பி இரண்டாம் டின்னில் என்ன போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். மருதப்பன் முறை வந்தது.

"ஒண்ணும் போடலைங்க ஐயா. மிச்சமே இல்லீங்க."

"உம்மடை மனுசிக்கு எத்தினை நாளாச் சாப்பாடு இறங்கேல்லை?"

"காய்ச்சல் வந்ததிலேருந்தே சரியா எறங்கலைங்க."

ஜெயரத்தினம் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் ஓர் ஆசிரியரின் ஆனந்தம். "கவனியுங்கள்! இவருடைய மனைவி சாப்பிடவில்லை. சாப்பிடாத உணவு செலவாகாத உணவு. செலவாகாதது மிச்சம். அந்த மிச்சம் எங்கே? இரண்டாம் டின்னில் இல்லை. அப்படியானால் அதை யாரோ சாப்பிட்டிருக்க வேண்டும்."

எல்லோரும் மருதப்பனின் வயிற்றைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. என்றாலும் அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

இதைக் கேட்டுத் தங்கம் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரம் பிடித்தது. "என் பட்டினியையும் டின்னுல போடச் சொல்றாங்களா? போடுங்க, போடுங்க. மூடி மட்டும் இறுக்கமா இருக்கட்டும்."

மருதப்பன் பிறகு நேராகவே கேட்டுவிட்டான். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, "ஐயா, தேறுற வரைக்கும் தங்கம் தாங்குமான்னு தெரியலைங்க. ஒரு நாலு மாத்திரை முன்கூட்டியே..." என்றான்.

"விளங்கிக்கொள்ளும் மருதப்பன்." ஜெயரத்தினம் குரலைத் தாழ்த்தினார், உயர்ந்த விஷயங்களுக்கு அவர் தாழ்ந்த குரலைத்தான் பயன்படுத்துவார். "அந்தப் பாட்டில் முதல், மூலதனம். முதலிலை கை வைக்கிறவன் நல்ல உக்கிராணக்காரன் இல்லை. முதலை அப்பிடியே வைச்சுக்கொண்டு வட்டியைத்தான் தருமத்துக்கு எடுக்கலாம். எந்த நிதிக்கும் அதுதான் முறை."

"மாத்திரைக்கு வட்டி வருங்களா ஐயா?"

"முதல் எண்டு ஒண்டு இருந்தால் வட்டி வரத்தானே வேணும்?"

மருதப்பனுக்கு இது புரியவில்லை. ஆனால் புரியாத பெரிய விஷயங்கள் உலகத்தில் நிறைய நடந்துகொண்டுதான் இருந்தன. ஜப்பான்காரர்கள் வாழைமரம் அச்சடித்த தாளைக் காசு என்று சொல்கிறார்கள். விடியாத இருட்டைக் காலை என்று கடிகாரம் சொல்கிறது. அவனே காற்றைத் தெளித்துக் கூலி வாங்குகிறான். மாத்திரை ஏன் குட்டி போடக் கூடாது? அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவன் அலமாரி அறை வாசலில் நின்று கேட்டான்.

"வட்டி வந்திருச்சுங்களா ஐயா?"

தியாகராசா பாட்டிலைத் திறந்து, ஒரு காகிதத்தில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு மீண்டும் மூடுவார். "கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்பார் பெருமையாக.

பெண்களுக்கான பாடம் குணமணி டீச்சருடையது. பிடி அரிசிக் காணிக்கை என்று சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன்பு ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் கலயம் ஆலயத்துக்கு வரும். இல்லாதவர் வீட்டு உலைக்குப் போகும். எடுக்கிற வீட்டுக்குக் குறைந்தது தெரியாது, வாங்குகிற வீட்டுக்கு நிறைந்தது தெரியும். அதுதான் அந்த வழக்கத்தின் அழகு. இப்போது அரிசி இல்லை. மரவள்ளியை எடுத்து வைத்தால் அழுகுகிறது. குழு கூடி, வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று ஒரு முடிவு எடுத்தது. சமைக்கும் முன் பெண்கள் வெறுங்கையைப் பானைக்குள் விட்டு, ஒரு பிடி பிடித்து, கலயத்துக்குள் திறந்துவிட வேண்டும். ஒன்றும் இருக்காது. ஆனால் கை பழகியிருக்கும்.

குணமணி டீச்சர் மேடையில் நின்று அதைச் செய்து காட்டினார். "விரலை இறுக்கி மூடுங்கோ. வழியிலை சிந்தக் கூடாது."

பெண்கள் சிந்தாமல் செய்தார்கள். மனைவி படுத்திருக்கும் வீட்டில் ஆண்தான் பழக வேண்டும் என்பதால் மருதப்பனும் செய்தான். அவனுக்கு அது கொஞ்சமும் சிரமமாக இல்லை; தொழிலே அதுதான்.

கலைந்து போகும்போது டீச்சர் அவன் அருகில் வந்தார். "தங்கம் எப்பிடி இருக்கிறா?"

"முந்தாநாள் என்னையே பாத்து, நீங்க யாருன்னு கேட்டுச்சுங்க."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெயரத்தினம் அந்தப் பக்கமாக வந்ததும் மூடிக்கொண்டார். டீச்சரின் வலது கை மட்டும் இன்னும் பிடித்த பிடியாகவே இருந்தது.

*

கடைசி வகுப்பில் எல்லோரும் தேறினார்கள். தேறியவர்களுக்கு ஆளுக்கொரு பத்து வெள்ளி நோட்டு பரிசு. அதை இரண்டாம் டின்னில் போட்டு மூடி, அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். அதுவரை திறக்க மாட்டேன் என்று பொருத்தனை.

"அப்ப மாத்திரை, ஐயா?"

"பண்டிகை அண்டைக்குப் பாட்டிலைப் பற்றி ஒரு நல்ல செய்தி வரும்."

மருதப்பன் டின்னை வீட்டுக்குக் கொண்டு போனான். அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. தங்கம் நடுங்கும்போது, அந்தப் பத்து வெள்ளிக்கு ஒரு டம்ளர் ஆட்டுப்பால் கிடைக்குமே என்று கை பரபரக்கும். பரபரத்து டின்னைத் திறந்துவிட்டால் பொருத்தனை முறியும். பொருத்தனை முறிந்தால் மாத்திரை போகும். அவன் சாலை போடும் இடத்திலிருந்து கொஞ்சம் தார் வாங்கி வந்து, உருக்கி, மூடியைச் சுற்றி மூன்று பூச்சு பூசினான். தார் ஆறினால் கல் மாதிரி. ஜைனப் அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"இதைத் தெறக்க இங்கிலீஸ்காரன் திரும்பி வந்து குண்டு போடணும்ணே."

பண்டிகை நாள் வந்தது. தங்கத்துக்கு அன்று காய்ச்சல் வரும் முறை; அதிகாலையிலேயே உதடு நீலமாயிருந்தது. "சீக்கிரம் வாங்க" என்றாள். அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை.

ஆலயத்தில் மேசைமேல் காணிக்கைப் பொருட்கள் அடுக்கியிருந்தன. மரவள்ளி, வாழைத்தண்டு, ஒரு சட்டி உப்பு, ஒரு பெட்டைக்கோழி. நடுவில், வெள்ளைத் துணி விரித்து, கொயினாப் பாட்டில்.

முதலில் டின் திறப்பு. ஒவ்வொருவராக வந்து நோட்டை உயர்த்திக் காட்டினார்கள். ஜெயரத்தினத்துக்குக் கண் கலங்கியது. "பத்து வெள்ளியாக உள்ளே போனது, பத்து வெள்ளியாகவே வெளியே வந்திருக்கிறது! ஒரு காசு குறையவில்லை!" உள்ளே போனபோது அந்த நோட்டுக்கு ஒரு முட்டை கிடைத்தது, வெளியே வந்தபோது முட்டையை விலை கேட்கக்கூட அது போதாது. இதைப் பற்றி வகுப்பில் பாடம் நடக்கவில்லை. மருதப்பனின் டின் மட்டும் திறக்கவில்லை. "பின்னாலை போய்த் திறவும்" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, டின்னை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கரண்டிக் காம்பால் தாரைச் சுரண்டத் தொடங்கினான்.

பிறகு ஏலம். அறுப்பின் பண்டிகை ஏலத்தை அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இதில் கடைத்தெரு நியாயம் செல்லாது. காணிக்கையாக வந்த ஓர் எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டால், கடையில் கால் காசு பெறாத அதை ஆயிரத்துக்கும் எடுப்பார்கள். பழத்துக்காக அல்ல, கொடுப்பதற்காக. எடுத்தவர் இன்னும் பக்திமானாக இருந்தால், அந்தப் பழத்தைக் கடவுளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். உடனே அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். இன்னொருவர் எடுப்பார், அவரும் திருப்புவார். ஒரே பழம் பத்துக் கை மாறும், ஒவ்வொரு கைக்கும் கைதட்டல் உண்டு, சபைக்கு வருமானம் உண்டு, பழத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு கட்டாயம்: ஏலத்துக்கு வந்த பொருள் விலை போகாமல் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கக் கூடாது, அது காணிக்கையைத் தள்ளிவிட்ட மாதிரி. அந்த வருடம் குழு ஒரு விதியையும் சேர்த்திருந்தது: கடன் நல்ல உக்கிராணத்துவம் அல்ல, ஆகவே கையில் ரொக்கம்.

மற்றப் பொருட்களெல்லாம் விலை போன பிறகு ஜெயரத்தினம் பாட்டிலைத் தொட்டுக்கொண்டு பேசினார். "மாத்திரை வட்டி தராது என்பதைக் குழு நீண்ட கால அவதானிப்பில் கண்டறிந்திருக்கிறது. வட்டி தராத முதலை வட்டி தரும் முதலாக மாற்றுவதே எங்கள் கடமை. இதை ஏலத்தில் விட்டு, வரும் பணத்தை நோய்க்கால நிதியாகப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போகிறோம். இனி நம் சபையில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும், நிதி இருக்கிறது என்ற தைரியத்தோடு படுக்கலாம்."

மருதப்பனின் கரண்டி நின்றது. நல்ல செய்தி இதுதான் என்று அவனுக்கு மெதுவாக உறைத்தது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுரண்டினான்; உரசிய சூட்டில் இளகிய தார்த் துணுக்குகள் கையிலும் காலடியிலும் ஒட்டின.

தஞ்சோங் பகாரில் கப்பல் சரக்கு இறக்கும் குத்தகைக்காரர் முதலில் எடுத்தார். நோட்டுக்கட்டுகளைக் கொட்டினார். பாட்டிலை வாங்கி, தலைக்குமேல் உயர்த்தி, "ஆண்டவருக்கே!" என்று திருப்பி வைத்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

கைதட்டலைக் கேட்ட பிறகு மற்றவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. நகைக்கடைக்காரர் எடுத்தார், திருப்பினார். டாக்டர் ஒருவர் எடுத்தார். அவருடைய நோயாளிகள் அந்த மாத்திரைக்காகத்தான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடந்தார்கள்; அவரும் கண்ணீரோடு திருப்பினார். டின்காரர்கள் பரிசு நோட்டுகளைச் சேர்த்துக் கூட்டாக எடுத்து, கூட்டாகத் திருப்பினார்கள். பின் பெஞ்சிலிருந்து டங், டங் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஆர் அங்கை தட்டுறது?" என்றார் தியாகராசா, ஏல மணியைக் கையில் பிடித்தபடி.

"மருதப்பனுங்க. இன்னும் தெறக்கலைங்க."

பாட்டில் கைக்குக் கை போய், மேசைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜெயரத்தினமே கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தடித்த கட்டை எடுத்து வைத்தார். சபை எழுந்து நின்றது. அவர் பாட்டிலைக் குழந்தையைப் போல ஏந்தி, ஒரு சிறு பிரசங்கம் செய்து, திருப்பி வைத்தார். அதுதான் அன்றைய உச்சம்.

தியாகராசா மறுபடியும் மணியை அடித்தார். "கொயினாப் பாட்டில்! ஆர் கேட்கிறியள்?"

யாரும் கேட்கவில்லை. குத்தகைக்காரர் பையைத் தடவிப் பார்த்தார். நகைக்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். சபை மொத்தத்தின் ரொக்கமும் மேசைமேல் குவிந்திருந்தது. கடன் கூடாது. விலை போகாமல் ஆசீர்வாதம் சொல்லவும் கூடாது.

"எந்தத் தொகையெண்டாலும் பரவாயில்லை," என்றார் தியாகராசா. "கேளுங்கோ!"

அந்த அமைதியில் பின் பெஞ்சில் டப்பென்று ஒரு சத்தம். மூடி தெறித்து நடைபாதையில் உருண்டு, ஜெயரத்தினத்தின் காலடியில் போய் விழுந்தது.

மருதப்பன் எழுந்து நின்றான். கையெல்லாம் தார். அந்தக் கையில் வாழைமர நோட்டு.

"பத்து வெள்ளிங்க ஐயா."

தியாகராசா தலைவரைப் பார்த்தார். தலைவர் சபையைப் பார்த்தார். ஒரு தரம் மணி அடித்தது, இரண்டு தரம் அடித்தது. மூன்றாம் தரத்துக்கு முன்னால் தியாகராசா மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது மணியும் அடித்தது.

மருதப்பன் நடந்து வந்து நோட்டை வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டான். கண்ணாடியில் கறுப்பு விரல் பதிந்தது. சபை ஆவலோடு கைதட்டத் தொடங்கியது. ஏழையின் காணிக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது. இவன் உயர்த்தித் திருப்பி வைக்கும்போது எவ்வளவு உருக்கமாக இருக்கும்!

மருதப்பன் உயர்த்தவில்லை. கைதட்டல் மெலிந்து, ஒன்றிரண்டு கைகளில் தேய்ந்து, நின்றது.

"மருதப்பன்," என்றார் ஜெயரத்தினம் இனிமையாக. "இப்ப அதை ஆண்டவருக்குத் திருப்பிக் குடும்."

"அந்தப் பாடம் எந்த ஞாயித்துக்கெழமைங்க ஐயா நடந்துச்சு?" அவன் உண்மையாகவே யோசித்தான். "நான் ஒரு வகுப்பும் விடலியே."

"அது பாடமில்லை, வழக்கம்! எல்லாரும் செய்தவை."

"அவங்க வீட்டுல யாருக்கும் இன்னிக்குக் காய்ச்சல் முறை இல்லீங்க போல."

தியாகராசா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். குத்தகைக்காரரின் ஆள் ஒருவன் கதவுப் பக்கம் நகர்ந்தான். ஜெயரத்தினம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "குழு இப்போதே அவசரமாகக் கூடும்" என்று அறிவித்தார். அவருடைய வாழ்நாளில் அவர் அவசரப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அப்போது முன்வரிசையில் குணமணி டீச்சர் எழுந்து ஆசீர்வாதப் பாட்டைத் தொடங்கினார். ஆராதனையை முடிக்கும் பாட்டு அது. அதைக் கேட்டதும் சபை முழுவதும் எழுந்து நிற்க வேண்டும், கண்களை மூட வேண்டும், பாட்டு முடியும் வரை அசையக் கூடாது. எல்லாப் பொருளும் விலை போய்விட்டதால் அதைத் தொடங்கத் தடையும் இல்லை. தியாகராசா ஓரடி எடுத்து வைத்த காலோடு நின்றார். ஜெயரத்தினம் கண்களை மூடிக்கொண்டார். சிறு வயதிலிருந்து பழகிய கண்கள். டீச்சர் எல்லா அடிகளையும் பாடினார். முடிந்ததும் முதலடியிலிருந்து திரும்பவும் பாடினார்.

கண் திறந்தபோது நடைபாதையில் தார்க் கால்தடங்கள் மட்டும் வாசல் வரை இருந்தன.

*

மாத்திரை தன் வேலையைச் செய்தது. முதல் வேளைக்குத் தங்கம் அதைத் துப்பினாள். மருதப்பன் மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தான். சில நாளில் காய்ச்சல் முறை தவறியது. அடுத்த முறைக்கும் வரவில்லை. மிச்ச மாத்திரைகளில் ஜைனப் வீட்டுக்குக் கொஞ்சம் போயிற்று, தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளுக்குப் போயிற்று. ஒரு பொட்டலம் குணமணி டீச்சர் மூலம், யாருக்கென்று சொல்லாமல், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கும் போயிற்று.

ஒரு ஞாயிறு மாலை உக்கிராணத்துவக் குழு மருதப்பனின் அறைக்கு வந்தது. ஜெயரத்தினம் முன்னால், தியாகராசா பின்னால். டீச்சருக்கு உடம்பு சரியில்லையாம். தங்கம் எழுந்து பாய் விரித்தாள்.

"கோபிக்க வரேல்லை," என்றார் ஜெயரத்தினம். "நீர் ஏலத்திலை எடுத்தது சட்டப்படி சரி. குழு ஏற்றுக்கொண்டுவிட்டுது. ஆனா ஏலம் போனது மாத்திரை. பாட்டில் ஆலயச் சொத்து."

மருதப்பன் மூலையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். ஒரு மாத்திரைகூட இல்லை. தியாகராசா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். அலமாரியில் அதன் இடம் காலியாகவே இருந்தது, இனி பூட்டலாம்.

"இன்னொரு விஷயம்." ஜெயரத்தினம் தங்கத்தைப் பார்த்தார். "இப்ப உம்மடை மனுசி சுகமாகிட்டா. சாப்பிடத் துவங்கியிருப்பா. அதாலை செலவு கூடும். இரண்டாம் டின்னை எப்பிடிச் சமாளிக்கப் போறீர் எண்டு யோசிச்சீரோ?"

மருதப்பன் யோசிக்கத் தொடங்கினான். அதற்குள் தங்கம் குறுக்கிட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாங்க ஐயா. வீட்டுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போகலாமா? உக்காருங்க."

இரண்டு பீங்கான் தட்டுகளைக் கழுவி அவர்கள் முன் வைத்தாள். அடுப்படியிலிருந்து மண்பானையைத் தூக்கி வந்தாள். மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, விரல்களை இறுக்கி மூடி, வழியில் சிந்தாமல் கொண்டுவந்து, ஜெயரத்தினத்தின் தட்டில் திறந்தாள். தட்டு வெறுமையாக இருந்தது. இன்னொரு பிடி தியாகராசாவுக்கு. பிறகு ஜெயரத்தினத்துக்கு இன்னும் ஒரு பிடி, தாராளமாக.

"பழக்கம் விட்டுப் போகக் கூடாதுல்லங்க ஐயா," என்றாள். "டீச்சர் இவருக்குச் சொல்லிக் குடுத்ததுதான். சாப்பிடுங்க."

கதவருகில் நின்ற ஜைனப் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருதப்பன் தட்டுகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பானைக்குள்ளே இருந்த அவித்த கிழங்கின் வாசம் அறை முழுவதும் பரவியிருந்தது. அந்தக் கிழங்கை அவன் கையாலேயே காலையில் பிடுங்கி வந்திருந்தான்.

ஜெயரத்தினம் தட்டைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. உணவு பரிமாறப்பட்டால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அவர் எந்தக் காரியத்தையும் முறைப்படி செய்கிறவர். கண்களை மூடி, கைகளைக் கூப்பி, சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கினார். கொடுத்த ஆகாரத்துக்காகவும், அதைத் தயாரித்த கரங்களுக்காகவும், இல்லாதவர்களுக்காகவும் நீளமாக ஜெபித்தார்.

"ஆமென்" என்றார் தியாகராசா, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.